வேலியும் பயிரும்

நோய்களிலே இரண்டு சாதி உண்டு. பழி இல்லாத நோய் ஒன்று. பழி உள்ள நோய் ஒன்று. அடுத்த வீட்டுக்காரருக்கு டைபாய்டு என்றால் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றால், மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவர் எப்படி வழுக்கி விழுந்தார் என்ற கதையை மூன்றாவது தடவையாகச் சுவாரஸ்யத்தோடு கேட்கிறோம். ஆனால் அதே வீட்டுப் பையன் மூன்று மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அங்கே இல்லாத யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால், சாத்துக்குடி வாங்க நமக்குத் தோன்றுவதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'எதனால்?' என்று கேட்கிறோம். அந்த 'எதனால்' வைத்தியர் கேட்கிற 'எதனால்' அல்ல. போலீஸ்காரர் கேட்கிற 'எதனால்'.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் கதைகளைத் தொடர்ந்து படித்து வருகிறவர். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு நாள் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன் மறுபடியும் போகவில்லை. எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பிறகு, அப்படிப் பேசுகிறவர்களின் குரல் வீட்டுச் சுவருக்குள்ளிருந்தே கேட்கிறது என்றான். டாக்டர் 'ஸ்கிஸோபிரினியா' என்று சொல்லி மருந்து கொடுத்து வருகிறார். இந்த அம்மாள் உத்தியோகம் பார்க்கிறவர். "பெற்றவள் வீட்டில் இருந்து வளர்த்திருந்தால் இப்படி ஆகுமா?" என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னாராம். அந்த ஒரு தடவை சொன்னது இன்றைக்கும் ராத்திரியில் காதில் விழுகிறது என்று எழுதியிருந்தார். இப்போது பத்திரிகையில் ஒரு செய்தி படித்திருக்கிறார். அவர் மகனுக்கு வந்திருக்கிற வியாதிக்கும் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அதில் போட்டிருந்ததாம். 'அது உண்மையானால் என் மேல் பழி இல்லை அல்லவா? நான் தூங்கலாம் அல்லவா?' என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இதைக் கதை எழுதுகிறவனிடமா கேட்பது என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தபோது, கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஏனென்றால் பைத்தியத்துக்குக் காரணம் கற்பிப்பது எங்கள் தொழில். காதலில் தோற்றவன் பைத்தியமாவான். குழந்தையைப் பறிகொடுத்தவள் பைத்தியமாவாள். அடுத்தவன் சொத்தை அபகரித்தவன் கடைசி அத்தியாயத்தில் தெருவில் சிரித்துக்கொண்டு திரிவான். பத்தாவது அத்தியாயத்தில் ஒருவனுக்குப் புத்தி பேதலிக்க வேண்டுமென்றால் நாலாவது அத்தியாயத்திலேயே அதற்கு ஒரு முகாந்திரம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் ஒப்பமாட்டார். பத்திரிகாசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார். வாழ்க்கைதான் எந்தப் பத்திரிகாசிரியருக்கும் கட்டுப்படாமல் எழுதிக்கொண்டு போகிறது.

காரணம் தேடுவதில் தப்பில்லை. தேடிக்கொண்டு போகிற வழியில் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நம் ஊரில் பூர்வஜன்ம வினை, பேய், ஏவல், குலதெய்வக் குற்றம் என்று பல வாசல்கள் இருந்தன. இன்னும் இருக்கின்றன. அவற்றின் கோடியில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்து போனார்கள். இருபத்தெட்டு உயிர்கள். அவர்களைக் கட்டியவர்கள் எல்லாரும் அரக்கர்கள் என்று நான் நினைக்கவில்லை. நோயை ஒரு குற்றமாக முதலில் எண்ணிவிட்டால், பிறகு சங்கிலி அவ்வளவு விகாரமாகத் தெரியாது.

மேல்நாட்டார் இந்த விஷயத்தில் நம்மைவிட உசத்தி என்றும் சொல்ல முடியாது. 1908-ல் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் ஓய்கன் பிளாய்லர் இந்த நோய்க்கு ஸ்கிஸோபிரினியா என்று பெயர் வைத்தார். பெயர் வந்துவிட்டது, காரணம் வரவில்லை. காரணம் இல்லாத காலி நாற்காலியில் 1948-ல் அமெரிக்காவில் தாயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பிரீடா பிராம் ரைஹ்மன் என்ற அம்மையார், இந்த நோயை உண்டாக்குகிற தாய் என்றே ஒரு சொற்றொடரை எழுதினார். அவர் கொடுமைக்காரர் அல்ல. ஹிட்லருடைய ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். நோயாளிகளோடு மணிக்கணக்காகப் பொறுமையோடு உட்கார்ந்து பேசியவர். ஆனால் அந்தச் சொற்றொடர் அவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்த அமெரிக்கத் தாய்மார்கள் அங்கே டாக்டரின் பார்வையில் குற்றவாளிகளாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கடிதம் எழுதியவரின் மாமியார் எந்த மனோதத்துவமும் படித்தவர் அல்ல. ஆனாலும் அந்தப் பெரிய வைத்தியர்கள் சொன்னதையேதான் சொல்லியிருக்கிறார்.

சரி, பத்திரிகைச் செய்திக்கு வருவோம். அதில் சாரம் உண்டா? உண்டு.

நம் உடம்பில் கிருமிகளை எதிர்த்து நிற்க ஒரு பெரிய காவற்படை இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் சில புரதங்கள் வேண்டாத கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, 'இதைத் தின்று தீர்த்துவிடு' என்று அடையாளம் போடுகின்றன. வெள்ளணுக்கள் வந்து தின்று தீர்க்கின்றன. இந்தப் புரதக் கூட்டத்துக்குக் 'காம்ப்ளிமென்ட்' என்று பெயர். இதே அடையாளப் புரதங்களுக்கு மூளையில் வேறொரு வேலையும் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மேல் ஏராளமான சந்திப்புகள் உண்டாகின்றன. நெருக்கமாக விதைத்த கீரைப் பாத்தி மாதிரி. வளர வளர, குறிப்பாக வாலிபம் தொடங்குகிற பருவத்தில், வேண்டாத சந்திப்புகளைக் கலைத்துவிட வேண்டும். காம்ப்ளிமென்ட் புரதம் அடையாளம் போடுகிறது. மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் வந்து தின்றுவிடுகின்றன. பயிர் செழிக்கிறது.

இந்தக் களையெடுப்பு அளவு மீறிப் போனால்? 1982-லேயே இர்வின் பைன்பெர்க் என்ற அமெரிக்கர் இந்தச் சந்தேகத்தை எழுப்பினார். ஸ்கிஸோபிரினியா பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதை ஒட்டியே தலைகாட்டுகிறது என்பதற்கு அது ஒரு விளக்கமாக இருந்தது. பிறகு 2009-ல், இந்த நோயோடு சம்பந்தமுள்ள பரம்பரைக் கூறுகளில் மிக அழுத்தமானது ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்புக்கான ஜீன்கள் கூடியிருக்கும் இடத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. 2016-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் முதலியவர்கள் அந்த இடத்தைத் துருவினார்கள். சுமார் 29,000 நோயாளிகள், 36,000 மற்றவர்கள் ஆகியோரின் பரம்பரைக் கூறுகளை ஒப்பிட்டார்கள். சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தின் ஒரு வகையை யாருடைய ஜீன்கள் அதிகமாக உண்டாக்குகின்றனவோ, அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்புச் சற்றே கூடுதல் என்று கண்டார்கள். அந்த ஜீன் இல்லாத எலிகளில் களையெடுப்பே குறைந்து போனது.

வேலியே பயிரை மேய்ந்தால் என்று நாம் பழமொழி சொல்வது அரசாங்கத்தைப் பற்றித்தான். மண்டைக்குள்ளும் அது நடக்கக்கூடும் போலிருக்கிறது.

டென்மார்க்கில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் பதிந்து வைக்கிற வழக்கம் உண்டு. 2011-ல் அந்தப் பதிவேடுகளிலிருந்து ஒரு கணக்கு எடுத்தார்கள். தன் உடம்பைத் தானே தாக்கிக்கொள்கிற வியாதி முன்பு வந்தவர்களுக்கு ஸ்கிஸோபிரினியா வரும் வாய்ப்பு நூற்றுக்கு 29 கூடுதல். கடுமையான தொற்றுநோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு நூற்றுக்கு 60 கூடுதல். இரண்டும் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் படித்துவிட்டு, சளி பிடித்த குழந்தையைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். உலகத்தில் முந்நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வருகிற நோய் இது. முந்நூறில் ஒன்று இரண்டு மடங்கானாலும் நூற்றைம்பதில் ஒன்றுதான்.

ஆகவே செய்தி பொய்யல்ல. ஆனால் அந்த அம்மாள் கேட்டது விஞ்ஞானம் அல்ல, நியாயம். காரணம் ரத்தத்தில் இருக்கிறது என்றால் பழி நீங்கிவிடுமா? இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹென்றி காட்டன் என்ற டாக்டரின் ஞாபகம் வருகிறது. அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1913-ல், ஒருவகைப் பைத்தியத்தால் இறந்தவர்களுடைய மூளையில் மேகநோய்க் கிருமி இருப்பதை ஜப்பானியரான நொகுச்சி கண்டுபிடித்துக் காட்டினார். அதுவரை அந்தப் பைத்தியத்துக்கு ஆயிரம் காரணங்கள் சொல்லப்பட்டு வந்தன. 1917-ல் வியன்னாவில் வாக்னர் யாவ்ரெக் என்பவர் அந்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியா ஏற்றினார். காய்ச்சல் கொதித்தது, சிலருக்குச் சித்தம் தெளிந்தது. 1927-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. ஒரு பைத்தியத்துக்குக் கிருமி காரணம் என்றால் எல்லாப் பைத்தியத்துக்கும் ஏன் இருக்கக்கூடாது? நல்ல கேள்விதான். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து டிரென்டன் மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1907 முதல் தலைமை வகித்த காட்டன், இதைக் கேள்வியாக விட்டு வைக்காமல் விடையாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? நோயாளிகளைக் கட்டிப்போடும் சாதனங்களை அகற்றினார். இவர்கள் குற்றவாளிகள் அல்ல, நோயாளிகள் என்றார். இவர்கள் உடம்பில் எங்கேயோ சீழ் ஒளிந்திருக்கிறது, அதன் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது, சீழை எடுத்தால் சித்தம் தெளியும் என்றார். அவர் பேச்சில் பழி என்கிற வாசனையே இல்லை. சீழ் பல்லில் இருக்கும் என்று பற்களைப் பிடுங்கினார். தெளியாவிட்டால் டான்சில். அதற்கும் தெளியாவிட்டால் வயிற்றைக் கிழித்துப் பெருங்குடல். வேண்டாம் என்று கதறியவர்களுக்கும் செய்தார். பைத்தியக்காரன் வேண்டாம் என்பதற்கு என்ன மதிப்பு? நூற்றுக்கு 85 பேர் குணமானார்கள் என்று பிரசங்கம் செய்தார். குடல் அறுவை செய்துகொண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்துப்போனார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதுவும் குறைத்துச் சொன்ன கணக்கு. 1920-களின் நடுவில் பில்லிஸ் கிரீனேக்கர் என்ற பெண் டாக்டர் அங்கே போய் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து எழுதினார். சாவுகள் அதைவிட அதிகம். குணமானவர்கள் என்று சொல்லப்பட்டவர்களோ குணமாகவில்லை. அவரை அனுப்பி வைத்த பெரிய பேராசிரியர் அடால்ப் மேயர் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. காட்டன் தம்முடைய மாணவர். மனசு வரவில்லை போலும்.

காட்டன் போலி டாக்டர் அல்ல. தம்முடைய பற்களைப் பிடுங்கிக்கொண்டார். பெற்ற பிள்ளைகளின் பற்களையும் பிடுங்கினார். அத்தனை நம்பிக்கை! சங்கிலியை அவிழ்த்த கையேதான் கத்தியையும் எடுத்தது. அவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, 'பாவம், அவன் மேல் குற்றமில்லை, எல்லாம் உடம்பின் கோளாறு' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சமாதானம் ஏற்படுவதில்லை. அடுத்ததாக என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிறேன். பழியிலிருந்து மனிதனை விடுவிக்கிறபோது, மனிதன் என்ற ஸ்தானத்திலிருந்தும் அவனை விடுவித்துவிடுகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. குற்றவாளியிடமாவது, 'என்ன சொல்கிறாய்?' என்று கேட்பார்கள். கெட்டுப்போன கடிகாரத்திடம் யார் கேட்கிறார்கள்?

இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்றும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2009-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றின் நிருபரான ஸுஸானா கஹாலன் என்ற இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று சந்தேகங்கள் முளைத்தன. யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள், தந்தை வேறு ஆளாக மாறிவிட்டார் என்றெல்லாம் தோன்றின. வலிப்பும் வந்தது. குடி என்றார்கள், வேலைப் பளு என்றார்கள். கடைசியில் சிரியாவிலிருந்து வந்து குடியேறிய ஸூஹெல் நஜ்ஜார் என்ற டாக்டர், விலையுயர்ந்த எந்திரம் எதையும் தேடாமல், ஒரு காகிதத்தைக் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரை அம்மா" என்றார். வட்டம் வரைந்தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டாள். இடது பாதி வெறுமை. மூளையின் ஒரு பக்கம் அழற்சியில் வேகிறது என்று அவருக்குப் புரிந்தது. உடம்பின் எதிர்ப்புப் படையே மூளையின் என்.எம்.டி.ஏ. என்ற வாயிற்புரதங்களைத் தாக்கும் நோய் அது. ஜோசப் டால்மாவ் என்பவர் 2007-ல்தான் அதைக் கண்டுபிடித்து அடையாளம் காட்டியிருந்தார். எதிர்ப்புப் படையை அடக்கும் மருந்துகள் கொடுத்தார்கள். அந்தப் பெண் எழுந்து, வேலைக்குத் திரும்பி, தன் கதையை 2012-ல் புத்தகமாகவே எழுதினாள். மூன்று வருஷம் முந்தி அந்த நோய் வந்திருந்தால் அவள் எந்த வார்டில் இருந்திருப்பாள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நஜ்ஜாரும் காட்டனும் ஒரே கட்சி. காரணம் உடம்பில் இருக்கிறது என்றுதான் இருவரும் சொன்னார்கள். ஒருவர் பல்லைப் பார்த்தார். மற்றவர், காகிதத்தையும் பென்ஸிலையும் நோயாளியின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்த அம்மாளுக்கு நான் பதில் எழுதினேன். நீங்கள் தாராளமாகத் தூங்கலாம் என்று எழுதினேன். ஆனால் பத்திரிகைச் செய்தியை நம்பித் தூங்க வேண்டாம் என்றும் எழுதினேன். காரணம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வந்தது மாதிரியான தெளிவான எதிர்ப்புப் பொருள், ஸ்கிஸோபிரினியா உள்ளவர்களில் மிகச் சிலருடைய உடம்பில்தான் அகப்படுகிறது. அழற்சியை அடக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளும் சிலவற்றில் பலன் தந்தன, சிலவற்றில் தரவில்லை. நாளைக்கு உங்கள் மகனுடைய ரத்தத்தைச் சோதித்துவிட்டு, 'இதில் ஒன்றும் இல்லை' என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வீர்கள்? பழி திரும்பவும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமா? சோதனைக்கூடத்துக் காகிதம் வந்தால்தான் இரக்கம் காட்டலாம் என்றால், காகிதம் வராதவர்களின் கதி என்ன? வெளியே போய் வேலை பார்க்கிற தாய்க்குப் பிறந்த கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்த நோய் வரவில்லை. இருபத்து நாலு மணி நேரமும் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. மாமியாரிடம் சொல்வதற்கு இதுவே போதும். சி4 வேண்டாம். மருந்தை நிறுத்தாதீர்கள் என்றும் எழுதினேன். ஆரம்பத்தில் வலிப்போ, விடாத காய்ச்சலோ, பேச்சுக் குழறலோ இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்றும், 'எதிர்ப்புச் சக்தி வைத்தியம்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் நகையை விற்றுக்கொண்டு போகாதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். கதை எழுதுகிறவன் இதற்கு மேல் போனால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அவருக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுகிறேன்.

நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது சாஸ்திரக்காரர்கள் ஒரு வார்த்தையை வழங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மக்பார்லேன் பர்னெட் அதை நிலைநாட்டினார். 1960-ல் நோபல் பரிசு பெற்றவர். உடம்பு 'தான்' எது, 'பிறிது' எது என்று பகுத்தறிகிறது என்றார். 'தான்' என்பதை விட்டுவிடும். 'பிறிது' என்பதைத் தாக்கும். வேதாந்திகளும் சித்தாந்திகளும் ஆயிரம் வருஷமாக விவாதித்து வந்த சொல்லை வைத்தியர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! சுவருக்குள்ளிருந்து குரல் கேட்கிறது என்கிற பையனுக்கு நேர்ந்ததும் இந்தப் பகுப்பில் வந்த குழப்பம்தான் அல்லவா? தன் எண்ணத்தையே அவன் வேறொருவர் பேச்சாகக் கேட்கிறான். உடம்பின் படையும் சில நோய்களில் தன்னுடையதையே வேற்றாளாகக் கண்டு தாக்குகிறது. இரண்டும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! இவ்வளவு அழகாகப் பொருந்துவதாலேயே எனக்குச் சந்தேகம். கதையில் இப்படிப் பொருந்தினால் கைதட்டலாம். வைத்தியத்தில் உவமை ஒரு சாட்சி ஆகாது.

ஆனால் உவமை அல்லாத இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. ஜப்பானில் எந்த மருந்துக்கும் மசியாத ஸ்கிஸோபிரினியாவில் இருந்த ஓர் இளைஞருக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தது. இன்னொருவருடைய எலும்பு மஜ்ஜையை அவருக்கு வைத்தார்கள். ரத்தமும் எதிர்ப்புப் படையும் அடியோடு மாறின. குரல்கள் அடங்கின. மனோவியாதி மருந்து இல்லாமலே நாலு வருஷம் கழித்தும் அவர் தெளிவாக இருந்ததாக 2017-ல் எழுதினார்கள். இன்னொரு சம்பவம் 2015-ல் எழுதப்பட்டது. அது இதன் தலைகீழ். சித்தம் நன்றாக இருந்த ஒருவருக்கு, ஸ்கிஸோபிரினியா உள்ள உடன்பிறந்தவருடைய மஜ்ஜையை வைத்தார்கள். பிறகு அவருக்குக் கடுமையான சித்தப் பிரமை வந்துவிட்டது. இரண்டே இரண்டு பேர். மஜ்ஜை மாற்றும்போது கொடுக்கிற மற்ற மருந்துகளும் சித்தத்தைக் கலைக்கக்கூடியவை. இதைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் நிரூபணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த உடன்பிறந்தவரை நினைத்துப் பாருங்கள். ஊரார் வாழ்நாளெல்லாம் பைத்தியம் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஓர் ஆள். தன் இரத்தத்தோடு இரத்தமானவர் சாகக் கிடக்கிறார். வேறு யாருடைய மஜ்ஜையும் பொருந்தாத நிலைமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவருடையது பொருந்துகிறது. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முதுகைக் காட்டிப் படுக்கிறார். மஜ்ஜையோடு என்ன போகிறது என்று அவருக்கும் தெரியாது, எடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், படுத்திருக்கிறவரிடம் கேட்டிருப்பார்கள்: "உயிர் வேண்டுமா, இந்தப் புத்தி வேண்டுமா?" அவர் எதைச் சொல்லியிருப்பார் என்று நான் பல ராத்திரிகள் யோசித்திருக்கிறேன். கதையாக எழுதிப் பார்க்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். கொடுத்தவர் பார்க்க வருகிறார்; வாங்கிக்கொண்டவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். "உனக்கும் கேட்கிறதா?" என்று கொடுத்தவர் மெதுவாகக் கேட்கிறார். அந்த வீட்டில் முதல் தடவையாக அவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். அதற்கு மேல் எழுத வரவில்லை. அந்த இரண்டு பக்கமும் மேஜைக்குள் இருக்கின்றன.